சுவாமி பேருக்கு ஒரு துவக்கு

இந்தக் கதையில் நம்பக்கூடிய இடங்கள் இரண்டொன்று வரும். அவற்றை நான் இட்டுக்கட்டியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது.

ஜெர்மனியில் எங்கள் ஊர் நீடர்ஹால்டன். கெல்சென்கிர்ச்சனிலிருந்து டோர்ட்மண்டுக்கு ரயிலில் போகிறவர்கள் நடுவில் ஒரு தரம் கைத்தொலைபேசியிலிருந்து தலையை நிமிர்த்துவார்களே, அந்த இடம். முன்பு கம்பளம் விற்ற கிடங்கொன்றில் கதிர்வேலாயுத சுவாமி அங்கே எழுந்தருளியிருக்கிறார். நான் அந்தக் கோயிலில் செருப்புப் பார்க்கிறவன். சம்பளமில்லாத உத்தியோகம்தான். ஆனால் ஒரு மனிதரைப் பற்றி முகம் மறைப்பதையெல்லாம் சப்பாத்து சொல்லிவிடும்.

மகேந்திரராஜாவின் சப்பாத்தில் எப்போதும் மாவு படிந்திருக்கும். பாணும் பணிஸும் சுடும் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் கடதாசிப் பை நிறையப் பணிஸ் கொண்டுவந்து என் பக்கத்தில் வைப்பார். பணிஸ் முடிந்ததும் பிள்ளைகள் அந்தப் பையை ஊதி உடைப்பார்கள், ஐயர் உள்ளேயிருந்து ஏசுவார். மகேந்திரராஜா யாரையும் அதிர்ந்து பேசாத மனிதர். அவர் துவக்கு, அதாவது துப்பாக்கி, வாங்கப் போனதற்குக் காரணம் அவருடைய உபயம்.

திருவிழாவில் ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு குடும்பம் பொறுப்பெடுத்து நடத்தும். அதுதான் உபயம். எட்டாம் நாள் வேட்டைத் திருவிழா மகேந்திரராஜாவுடையது. அன்றைக்குச் சுவாமி குதிரை வாகனத்தில் ஏறி வேட்டைக்குப் போவார். எங்கள் வழக்கப்படி ஒரு வெடிச்சத்தம் கேட்ட பிறகுதான் குதிரையைத் தூக்குவது. குதிரை நகராவிட்டால் வேட்டை இல்லை, வேட்டை இல்லாவிட்டால் மறுநாள் சப்பறம் இல்லை, சப்பறம் இல்லாவிட்டால் தேர் இல்லை. இத்தனை காலமும் வருடப்பிறப்புக்கு விற்கும் சீனவெடியில் நாலைந்தை ஒளித்துவைத்து ஆடி மாதத்தில் கொளுத்திச் சமாளித்தோம். போன வருடம் எதிர்வீட்டுக்காரர் பொலிஸைக் கூப்பிட்டுவிட்டார். வந்த பொலிஸ்காரர் தங்கமானவர். "இதை முறையாகச் செய்யுங்கள்," என்றார். "குண்டில்லாமல் சத்தம் மட்டும் போடும் துப்பாக்கி கடையில் இருக்கிறது. ஆயுதக் கந்தோர் என்று ஒரு அலுவலகம் இருக்கிறது, அங்கே அனுமதி எடுத்தால் போதும். சின்ன விஷயம்."

சின்ன விஷயம் என்று ஒரு ஜெர்மன்காரர் சொன்னால் நாம் உட்கார்ந்துகொள்வது நல்லது. அது எங்களுக்கு அப்போது தெரியாது.

கோயில் தலைவர் யோகம் அண்ணை மகேந்திரராஜாவைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, அடுத்தமுறை வெடி இல்லையெண்டால் குதிரை இல்லை. குதிரை இல்லையெண்டால் எட்டாம் திருவிழா வேற ஆக்களுக்குப் போகும். யாப்பில அப்பிடித்தான் கிடக்கு. நான் என்ன செய்ய?"

வேற ஆக்கள் என்றால் யோகம் அண்ணையின் மருமகன். கோயில் விதிகளான அந்த யாப்பை எழுதியதும் யோகம் அண்ணை. இரண்டும் ஊருக்குத் தெரியும்.

மகேந்திரராஜாவின் மனைவி இராஜேஸ்வரி அக்கா சொன்னது இன்னும் சுருக்கம். "இஞ்சேருங்கோ, உபயம் கைமாறினால் நான் இந்தக் கோயில் படி மிதிக்கமாட்டன். நீங்கள் வீட்டுப்படி மிதிக்கத் தேவையில்லை."

அப்படித்தான் இலையுதிர் காலத்தில் ஒரு நாள் ஆயுதக் கந்தோரில் நேரம் குறித்து, டெர்மின் எடுத்துப் போனோம். மகேந்திரராஜா, மகள் சுபானி, துணைக்கு நான். சுபானி இங்கே பிறந்தவள், காப்புறுதிக் கம்பனியில் வேலை, கனவும் டொச்சில், ஜெர்மன் மொழியில்தான், வரும். இந்தக் கதையில் உத்தியோகத்தர்கள் பேசுவதெல்லாம் டொச், அவள் எனக்குச் சொன்ன தமிழில் தருகிறேன். அவள் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தபோதே எங்கள் இலக்கம் பலகையில் மின்னிவிட்டது. அரைகுறை டொச்சோடு நாங்கள் இருவரும் போய் நின்றோம்.

கண்ணாடிக்குப் பின்னால் லிசா என்றொரு இளம் உத்தியோகத்தர். கண்ணாடிக்குக் கீழே ஒரு தட்டு. அதில் பத்திரத்தை வைத்தால் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். தட்டு வெளியே வந்தது. மகேந்திரராஜா விண்ணப்பத்தை இரண்டு கையாலும் வைத்தார். தட்டு உள்ளே போனது. லிசா நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"யாருடைய பெயருக்கு?"

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். கோயிலில் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு ஐயர் கேட்பதும் இதே கேள்விதான். விருப்பமானவர்கள் தங்கள் பேரும் நட்சத்திரமும் சொல்வார்கள். தனக்கென்று ஒன்றும் கேட்கக் கூசுகிறவர்கள் "சுவாமி பேருக்கே" என்பார்கள், அர்ச்சனை சுவாமியின் பெயருக்கே நடக்கும். மகேந்திரராஜா பிறந்த நாட்டைவிட்டு வந்த நாள் முதல் அப்படித்தான் சொல்லிப் பழகியவர்.

இன்னொரு காரணமும் இருந்தது. துவக்கு இருக்கிற இடத்தில் பேரைச் சொல்லாதே என்பது எங்கள் வயதுக்காரர் எல்லோரும் படித்த பாடம். அங்கே இராணுவ வீதித் தடையொன்றில் பேரைச் சரியாகச் சொன்ன தம்பி ஒருவன் மகேந்திரராஜாவுக்கு இருந்தான்.

"சுவாமி பேருக்கே," என்றார் மகேந்திரராஜா.

"குடும்பப் பெயர் சுவாமி," என்று லிசா தட்டினார். "முதற்பெயர்?"

மகேந்திரராஜா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சுவாமி விஷயத்தில் பொய் சொல்லக்கூடாது என்று நினைத்தாரோ, வேறு பெயரைச் சொல்ல நாக்கு வரவில்லையோ, "கதிர்வேலாயுத," என்றார்.

"பிறந்த திகதி?"

"வைகாசி விசாகம்."

"ஜனவரி ஒன்று என்று போடுகிறேன். உங்கள் நாட்டவர்களுக்கு அதுதான் வழக்கம். வயது?"

"வயசு போகாது. எப்பவும் இளையவர்."

"இருபத்தைந்துக்குக் கீழ். பிறந்த இடம்?"

"ஒரு பொய்கை. தண்ணியில, தாமரையில."

"நீர்வழியில். அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. திருமணமானவரா?"

"ஓம். ரெண்டு பேர்."

லிசா சிறிது யோசித்தார். "ஒருவரை மனைவி என்று போடலாம். மற்றவரை அதே முகவரியில் வசிப்பவர் என்று போடுகிறேன். தொழில்?"

"தேவர்களின்ர சேனாபதி."

"அந்நிய இராணுவ சேவை," என்று தட்டினார் லிசா. அப்போதுதான் சுபானி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். திரையைப் படித்தாள். தகப்பனைப் பார்த்தாள்.

"அப்பா, ஏன் சுவாமின்ர பேரைக் குடுத்தனீங்கள்?"

"கேட்டவை, பிள்ளை."

சுபானி கண்ணாடியில் நெற்றி முட்டும்படி குனிந்து, தவறு நடந்துவிட்டது, விண்ணப்பத்தை நீக்குங்கள் என்றாள். லிசா மிகவும் வருந்தினார்.

"பதிவான விண்ணப்பத்தை விண்ணப்பதாரர் மட்டுமே நேரில் வந்து மீட்டுக்கொள்ளலாம். அல்லது அவர் இறந்திருக்கவேண்டும். இறந்துவிட்டாரா?"

மகேந்திரராஜா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அப்படியானால் நம்பகச் சோதனை தொடங்குகிறது," என்றார் லிசா.

நம்பகச் சோதனை என்றால், துப்பாக்கி கேட்கிறவர் நம்பத்தகுந்தவர்தானா என்று அரசாங்கத்தின் ஒரு பகுதி மற்றப் பகுதிகளைக் கேட்பது. பொலிஸைக் கேட்டார்கள். வழக்குத் தொடுநரைக் கேட்டார்கள். சுங்கத்தைக் கேட்டார்கள், எல்லைக் காவலைக் கேட்டார்கள், உளவுத்துறையைக் கேட்டார்கள். கேட்கப்பட்டவர்கள், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். பனி விழுந்தது, கரைந்தது. இடையில் முகப்படம் கேட்டு ஆள் வந்தது. தலையணி கூடாது, காது தெரியவேண்டும், சிரிக்கக்கூடாது. ஐயர் முணுமுணுத்துக்கொண்டு கிரீடத்தைக் கழற்றினார். படம் திரும்பி வந்தது. விண்ணப்பதாரர் புன்னகைக்கிறார்.

"அவர் அப்பிடித்தான் இருக்கிறவர்," என்றார் மகேந்திரராஜா தொலைபேசியில். "எங்களால நிப்பாட்டேலாது."

வசந்த காலத்தில் மேலதிகாரி ஓஸ்டர்காம்ப் எங்களை நேரில் அழைத்தார். மெலிந்த, துப்புரவான மனிதர். அவருடைய சப்பாத்தை முதலில் பார்த்தேன். மேலே கண்ணாடி மாதிரி மினுங்கியது, அடி துளியும் தேய்ந்திருக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே உலகத்தைச் சரிபார்க்கிறவர்.

"எல்லா இடத்திலிருந்தும் பதில் வந்துவிட்டது," என்றார். "சுவாமி அவர்களைப் பற்றி எவருக்கும் ஒன்றும் தெரியாது."

"அப்ப நல்லதுதானே," என்று மகேந்திரராஜா எழும்பப் பார்த்தார்.

"உட்காருங்கள். நான் இந்தக் கதிரையில் எத்தனையோ வருடமாக இருக்கிறேன். பிழையான இடத்தில் கார் நிறுத்தாத ஒரு மனிதரையாவது நான் இதுவரை பார்த்ததில்லை. ஒருவரைப் பற்றித் தகவல் இருந்தால் அவர் சந்தேகத்துக்குரியவர். தகவலே இல்லையென்றால் அவர் மிகவும் சந்தேகத்துக்குரியவர். ஆகவே நானே தேடிப் படித்தேன்."

மேசையில் ஒரு கைநூலை வைத்தார். வெள்ளைக்காரர் கோயில் பார்க்க வரும் நாளுக்கென்று யோகம் அண்ணை டொச்சில் எழுதி அச்சடித்தது. அட்டையில் சுவாமி, உள் அட்டையில் யோகம் அண்ணை. எங்கள் கோயில் தானாகவே முன்வந்து கொடுத்த வாக்குமூலம்.

"பழம் ஒன்றுக்காகப் பெற்றோருடன் முரண்பட்டு வீட்டைவிட்டு வெளியேறியிருக்கிறார். உண்மையா?"

"ஓம். சின்ன வயசில."

"இப்போதும் சின்ன வயதுதானே. அடுத்து. ஒரு மாமரத்தை இரண்டாகப் பிளந்திருக்கிறார்."

"அது மரமில்லை ஐயா, சூரன். மரமாக வந்து நிண்டவன்."

"நகரசபையின் மரப்பாதுகாப்பு விதியில் உள்நோக்கத்தைப் பற்றி ஒன்றுமில்லை. மரமாக நின்றால் மரம்தான். வெட்ட அனுமதி எடுத்தாரா?"

மகேந்திரராஜா வேர்வையைத் துடைத்தார். ஓஸ்டர்காம்ப் அடுத்த பக்கத்தைத் திருப்பும்போது அவருடைய குரல் மாறியது. அதுவரை அலுவலாகப் பேசியவர், இப்போது சொந்தக் காயத்தோடு பேசினார்.

"பிரம்மா என்று ஒருவர். படைப்புத் துறையின் தலைமை அதிகாரி. அவரைச் சிறையில் அடைத்திருக்கிறார்."

"ஓம்."

"என்ன குற்றத்துக்காக?"

"ஒரு மந்திரத்தின்ர பொருள் கேட்டவர். பிரம்மாவுக்குத் தெரியேல்லை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஓஸ்டர்காம்ப் எழும்பி ஜன்னலடிக்குப் போனார். "தன் வேலையின் பொருள் தெரியாத அதிகாரியைச் சிறையில் போடலாம் என்று ஆரம்பித்தால், நாளைக் காலை இந்தக் கட்டடத்தில் விளக்குப் போட ஆள் இருக்காது. நான் உட்பட. இப்படியானவரின் கையில் துப்பாக்கி கொடுக்க நான் தயாரில்லை." பிறகு மேசைக்குத் திரும்பிக் கைநூலை மூடினார். "ஆனாலும் நாங்கள் நடுநிலையானவர்கள். இருபத்தைந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மனநலச் சான்று தேவை. அதைப் பார்த்து முடிவெடுப்போம்."

மனநல நிபுணரான அம்மையார் கோயிலுக்கே வந்தார். செருப்பை என்னிடம் தந்துவிட்டு, சுவாமிக்கு எதிரே பாயில் உட்கார்ந்து, கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று தொடங்கினார். சுவாமி பதில் சொல்லவில்லை. யாராவது உங்களை அவமதித்தால்? சுவாமி சிரித்தபடி இருந்தார். மணி அடித்தது, பூசை நடந்தது, குழந்தையொன்று வீரிட்டது, யோகம் அண்ணை ஒலிவாங்கியில் நன்கொடை பற்றிப் பேசினார். சுவாமியின் முகத்தில் ஒரு சலனமுமில்லை. அறிக்கையில் அந்த அம்மையார் எழுதியதைச் சுபானி வாசித்துக் காட்டினாள்: "கடுமையான தூண்டுதலின் கீழும், குறிப்பாகத் தலைவரின் உரையின்போதும், முழுமையான தன்னடக்கம். இத்தகைய விண்ணப்பதாரரை நான் சந்தித்ததில்லை." கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார் என்பதையும் சொல்லவேண்டும். அவர் திரும்பவும் வெள்ளிக்கிழமைகளில் வருகிறார். செருப்பு எனக்குப் பழக்கமாகிவிட்டது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். கொடியேற்றத்துக்கு முந்திய வாரம், ஆயுதத்தைப் பாதுகாப்பாக வைக்க வசதி இருக்கிறதா என்று பார்க்க ஓஸ்டர்காம்பே இரண்டு உதவியாளர்களோடு வந்தார். ஆண்கள் மேற்சட்டை கழற்றவேண்டும் என்றார் ஐயர். சட்டத்தில் தடையில்லை என்று யோசித்துத் தெரிந்துகொண்ட பின் மூவரும் கழற்றினார்கள். அடையாள அட்டையைக் குத்த இடமில்லாமல் ஓஸ்டர்காம்ப் அதைக் கையில் பிடித்திருந்தார்.

"விண்ணப்பதாரரின் அறை எது?"

ஐயர் மூலஸ்தானத்தைக் காட்டினார். "வெளியில நிண்டு பாருங்கோ. உள்ளுக்கு வரேலாது."

திரை விலகியது. தீபம் உயர்ந்தது. ஓஸ்டர்காம்ப் கண்ணை இடுக்கிப் பார்த்தார். பிறகு மிக மெதுவாகக் கேட்டார்:

"அவருடைய கையில் இருப்பது என்ன?"

வேலுக்குத் தமிழில் ஆயிரம் பெயர் உண்டு, அந்த நேரத்தில் ஒன்றும் உதவாது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"வேல்," என்றார் மகேந்திரராஜா கடைசியில்.

"கூரானதா?"

"ஞானம் மாதிரி," என்றார் ஐயர் பெருமையோடு. சுபானி அதை மொழிபெயர்க்காமல் விட்டாள்.

"அதாவது, இந்த விண்ணப்பதாரர் அனுமதி கேட்டுக் காத்திருக்கும் வேளையில், அனுமதியில்லாத ஆயுதமொன்றை ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறார். பகிரங்கமாக. தினமும் விளக்குப் பிடித்துக் காட்டுகிறார்கள்." ஓஸ்டர்காம்ப் குறித்துக்கொண்டார். "வேட்டை நாளன்று முடிவோடு வருவேன். முடிவு எதிரானதாக இருந்தால் துப்பாக்கியும் கிடையாது, இந்த ஈட்டியையும் முத்திரையிட்டு எடுத்துப்போகவேண்டியிருக்கும். இங்கே இருக்கும் ஒருவர், தன் சொந்தப் பெயரில், இந்த ஆயுதத்துக்கு நான் பொறுப்பு என்று சொன்னால் விஷயம் இப்போதே இலகுவாகும். யார் அந்த ஒருவர்? பெயர்?"

அவருடைய பேனை காத்திருந்தது. எல்லோரும் மகேந்திரராஜாவைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. இராஜேஸ்வரி அக்கா அவருடைய கையைப் பிடித்தார். ஓஸ்டர்காம்ப் பேனையை மூடினார்.

அன்று யோகம் அண்ணை வெளியே வந்து செருப்புப் போடும்போது, தன் மருமகனுக்குப் பட்டுவேட்டி எடுக்கவேண்டும் என்று எனக்குக் கேட்கும்படி சொன்னார்.

எட்டாம் திருவிழா. பீலெஃபெல்டிலிருந்துகூடச் சனம் வந்திருந்தது. ஐந்து மணிவரைக்கும் வீதியைப் பூட்டித் தந்திருந்தார்கள். அதற்குப் பிறகு பஸ் வரும். குதிரை வாகனத்தில் சுவாமி தலைப்பாகையும் அங்கவஸ்திரமுமாக, கையில் வேலோடு, கிடங்கு வாசலில் தயாராக நின்றார். தோள் கொடுக்கிறவர்கள் தண்டுக்கடியில் குனிந்து நின்றார்கள். ஓஸ்டர்காம்பைக் காணவில்லை. மகேந்திரராஜா வேலைமுடிந்து நேரே வந்தவர், வேட்டி மாற்றியிருந்தார், சப்பாத்தில் மாவு. பணிஸ் பையை வழக்கம்போல என் பக்கத்தில் வைத்துவிட்டு வீதியைப் பார்த்தபடி நின்றார்.

நாலரை மணிபோல வெள்ளைக் கார் வந்தது. ஓஸ்டர்காம்ப் இறங்கினார். ஒரு கையில் முத்திரை வைக்கும் பை. மற்றக் கையில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி.

"முடிவு," என்று வாசித்தார். மேளம் நின்றது. "விண்ணப்பதாரருக்கு எதிராக எந்தப் பதிவும் இல்லை. மனநல அறிக்கை ஈடிணையற்றது. ஈட்டியைப் பொறுத்தவரை, வேலும் சுவாமியும் வேறல்ல என்று இந்தக் கைநூல் சொல்கிறது. எங்கள் சட்டப்பிரிவு ஆறு கூட்டங்களில் இதை ஆராய்ந்தது. வேறல்ல என்றால் அது உடலின் உறுப்பு. உறுப்புக்கு அனுமதி தேவையில்லை. கதிர்வேலாயுத சுவாமி நம்பத்தகுந்தவர்."

சனம் அரோகரா என்றது. இராஜேஸ்வரி அக்கா அழுதார். ஓஸ்டர்காம்ப் கையை உயர்த்தினார்.

"துப்பாக்கி இந்தப் பெட்டியில். அனுமதி அவருக்கு மட்டும். அவர்தான் தன் கையால் சுடவேண்டும். வேறு எவர் தொட்டாலும் குற்றம், அனுமதி ரத்து." பெட்டியைச் சுவாமியின் பாதத்தில் வைத்தார். சாவியை ஐயரிடம் கொடுத்தார், ஐயர் அதைச் சுவாமியின் இடுப்பில் கட்டினார். ஓஸ்டர்காம்ப் இரண்டடி பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டார். "நான் காத்திருக்கிறேன். காத்திருப்பதில் எங்களுக்குப் பயிற்சி உண்டு."

நாங்களும் காத்திருந்தோம். சுவாமி சிரித்தார். பெட்டி பெட்டியாகவே இருந்தது.

"ஐயா, வெடியில்லாமல் ஒருக்காத் தூக்கினால் என்ன?" என்று யாரோ கேட்டார்கள்.

"தூக்குறதில்லை," என்றார் ஐயர்.

தோள் கொடுக்க நின்றவர்கள் கால் மாற்றி நின்றார்கள். வீதியின் முனையில் பொலிஸ்காரர் தடுப்பைக் கழற்ற ஆயத்தமாகி மணிக்கூட்டைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் பஸ்ஸின் முகம் தெரிந்தது. யோகம் அண்ணை மருமகனின் வேட்டியை நேராக்கிவிட்டார். நான் பணிஸ் எடுக்கப் பைக்குக் கை நீட்டினேன். பை அங்கே இல்லை. பணிஸ்கள் மட்டும் செருப்புகளின் மேல் ஒழுங்காக அடுக்கியிருந்தன.

அப்போது வெடித்தது.

பிறந்த ஊரில் வேட்டைத் திருவிழாவுக்குச் சுடும் கிராமத் தலைவர் விதானையாரின் துவக்குக்கூட அப்படி வெடித்திருக்காது. புறா எல்லாம் கூரையிலிருந்து எழும்பின. "அரோகரா" என்று தண்டுகள் உயர்ந்தன, மேளம் விழுந்தடித்துக்கொண்டு தொடங்கியது, குதிரை வீதியில் பாய்ந்தது. சுவாமி வேட்டைக்குப் போய்விட்டார்.

ஓஸ்டர்காம்ப் மட்டும் கைகூப்பவில்லை. குதிரையோடு ஓடிப்போய்ப் பாதத்திலிருந்த பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். பூட்டு பூட்டியபடி. திரும்பி வந்தார்.

"சுட்டது யார்?"

எல்லோரும் கைகூப்பிச் சுவாமி போன திசையைக் காட்டினார்கள்.

"பெட்டி திறக்கப்படவில்லை. அவர் சுட்டிருந்தால் வேறொரு, பதிவில்லாத ஆயுதத்தால் சுட்டிருக்கிறார். அப்படியானால் அவர் நம்பத்தகுந்தவரல்ல. குதிரையை நிறுத்தவேண்டும். ஈட்டியை எடுக்கவேண்டும்." முத்திரைப் பையை விரித்தார். "கடைசித் தரம் கேட்கிறேன். யார்?"

பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருந்துதான் நாங்கள் இத்தனை பேர் உயிரோடு இருக்கிறோம்.

தூணுக்குப் பின்னாலிருந்து மகேந்திரராஜா வந்தார். வெடித்துக் கிழிந்த பாண் பை கையில். முகமெல்லாம் மாவு.

"நான்," என்றார் டொச்சில். சுபானி வாயைத் திறக்குமுன்னரே.

"பெயர்?"

"மகேந்திரராஜா." ஒரு தரம் மூச்சு வாங்கினார். பிறகு, மேளத்துக்கு மேலாகக் கேட்கும்படி, "சின்னத்தம்பி மகேந்திரராஜா."

"எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்."

ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். நீளமான பேர். ஓஸ்டர்காம்ப் எழுதி முடிக்குமட்டும் குரல் தளரவில்லை. பக்கத்தில் இராஜேஸ்வரி அக்கா அவரைத் தெரியாதவரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓஸ்டர்காம்ப் பையை விரல்நுனியால் வாங்கி, வேலுக்கென்று கொண்டுவந்த முத்திரைப் பைக்குள் போட்டார்.

"வகை?"

"பாண் பை," என்றார் மகேந்திரராஜா.

"அது பிறகு தீர்மானிக்கப்படும்," என்றார் ஓஸ்டர்காம்ப்.

அந்தத் தீர்மானம் இன்னும் வரவில்லை. பை கந்தோரில் பூட்டியிருக்கிறது. அதை ஊதியவரின் நம்பகச் சோதனை நடக்கிறது. அதே ஐந்து இடத்துக்கும் கேட்டுப் போயிருக்கிறதாம். அனுமதி வரும்வரை அவர் எதையும் ஊதக்கூடாது என்று வாய்மொழி உத்தரவு, போன மாதம் பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பலூன்களை நான்தான் ஊதினேன். எட்டாம் திருவிழா அவரிடமே இருக்கிறது. யோகம் அண்ணை யாப்பைத் திருத்துகிறார். துப்பாக்கி சுவாமியின் பாதத்தில் பெட்டிக்குள் கிடக்கிறது. மூன்று வருடத்துக்கொரு தரம் சுவாமியை மறுபடி விசாரிப்பார்கள். அதுவரைக்கும் நீடர்ஹால்டனில் நம்பத்தகுந்தவர் என்று எழுத்தில் உள்ள தமிழர் அவர் ஒருவர்தான்.

போன வெள்ளிக்கிழமை மகேந்திரராஜா அர்ச்சனைத் தட்டோடு போய் நின்றார். ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு, பதில் தெரிந்த கேள்வி என்பதால் அவரைப் பாராமலே கேட்டார்.

"ஆற்றை பேருக்கு?"

"மகேந்திரராஜா," என்றார். "உத்தரம்."

ஐயர் திரும்பிப் பார்த்தார். மகேந்திரராஜா இன்னொரு பேரும் சொன்னார்.

"சுரேந்திரராஜா. அவனுக்கு ரோகிணி."

ஐயருக்கு அந்தத் தம்பியின் கதை தெரியும். ஆள் இருக்கிறாரா, எங்கே இருக்கிறார், கடைசியாக எப்போது கண்டது, ஒன்றும் விசாரிக்கவில்லை. இரண்டு பேரையும் சொல்லிப் பூவைப் போட்டார்.